ஓரம் வெட்டிய படம்

செம்மேட்டு ரேஞ்சர் ஆபீஸ் குமாஸ்தா அர்த்தனாரிக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஊர்வம்பு கிடையாது. இதைக் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அவரே சொல்லுவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பித்து. பட்டணத்துப் பத்திரிகைகளில் வரும் கேலிச் சித்திரங்களின் அசலைச் சேர்ப்பது.

அச்சில் வந்த படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறவர்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. படம் போட்டவன் கை பட்ட அட்டை வேண்டும், அவன் இழுத்த மசி வேண்டும், தப்பாக விழுந்த கோட்டின் மேல் அவன் தடவிய வெள்ளை வேண்டும், ஓரத்தில் பத்திராதிபர் நீலப் பென்சிலால் கிறுக்கியிருக்க வேண்டும். அச்சுக்குப் பிளாக் எடுக்கிற கேமராவுக்கு நீலம் தெரியாது, அதனால்தான் நீலத்தில் எழுதுகிறார்கள் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருந்தார். ஆனால் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்கத்தான் மலையில் ஆள் இல்லை. மனைவி ருக்குமணி மலைக் காய்ச்சலுக்குப் பயந்து திருச்செங்கோட்டிலேயே தங்கிவிட்டாள். ரேஞ்சருக்குப் படம் என்றால் சாமி படம்தான்.

பட்டணத்தில் படம் போடுகிறவர்களுக்கோ அசல் ஒரு பொருட்டே இல்லை. பிளாக் எடுத்து முடிந்ததும் பரணில் எறிந்துவிடுவார்கள். இது அர்த்தனாரிக்குத் தெரிந்த நாளிலிருந்து மலையிலிருந்து தேன் இறங்க ஆரம்பித்தது. ஒரு டின் தேனும் ஒரு பணிவான கடிதமும் போகும். இரண்டு வாரத்தில் ஓர் அட்டை வரும். ஆரஞ்சுக் காலத்தில் ஆரஞ்சு, மிளகுக் காலத்தில் மிளகு. இப்படி ஏழு வருஷத்தில் பத்தொன்பது படங்கள் அவர் குவார்ட்டர்ஸ் சுவரில் ஏறிவிட்டன.

தேன் கொண்டுவந்து கொடுத்தவன் அரியூர் நாட்டுச் சென்றாயன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவனுக்கு வேண்டிய மனுக்களையெல்லாம் அர்த்தனாரி எழுதிக் கொடுப்பார். அவன் தேனடை எடுக்கப் போகும்போது இவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிவிடுவான். பல நாள் அவன் மனைவி பொன்னாயியும் கூடையோடு வருவாள். அதிகம் பேசமாட்டாள். சுவரில் இருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு ஏனுங்க இத்தாப்பெரிய மூக்கு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, இரண்டு முன்பல்லுக்கும் நடுவிலுள்ள சந்து தெரியச் சிரிப்பாள். அந்தப் படங்களைப் பார்த்து மலையில் சிரித்த ஒரே ஆள் அவள்தான். அர்த்தனாரிக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் 'அணா'விடமிருந்து கடிதம் வந்தது. அணா என்பது புனைபெயர். ஆள் பெயர் அண்ணாமலை. அந்தக் காலத்தில் பத்திரிகை படிக்கிற வீடுகளில் அவருடைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பிரிப்பார்கள். தீபாவளி மலருக்கு ஒரு மலைக்காரியைப் போட வேண்டுமாம். தாம் மலையைக் கண்டதில்லையாம். "தாங்கள் அங்கேயே இருப்பவர். ஒருத்தி எப்படி இருப்பாள் என்று நான்கு வரி எழுதினால் பெரிய உபகாரம்" என்று எழுதியிருந்தார். அணாவே கேட்கிறார்! அர்த்தனாரிக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வரி கேட்டதற்கு நான்கு பக்கம் எழுதினார்.

எழுதும்போது அவர் கண்முன் நின்றது பொன்னாயிதான். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, பல்லிடுக்கு, தோளில் சாத்திய அரிவாள், வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழவழவென்று இழுத்துக்கொண்டிருக்கிற தீக்காயம் என்று ஒன்று விடாமல் எழுதினார். பெயரையும் எழுதினார். அடுத்தவன் பெண்டாட்டியை அங்கம் அங்கமாகக் கடிதத்தில் எழுதி முன்பின் தெரியாத ஆணுக்கு அனுப்புகிறோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. உறை ஒட்டும்போது அதுவும் போய்விட்டது.

மலர் வந்தது. அதற்குப் பின்னால் அசலும் வந்தது. படத்தில் தொப்பி போட்ட காட்டிலாகா அதிகாரி, "இந்தக் காட்டில் தேள் தொல்லை உண்டா?" என்று கேட்கிறார். மலைக்காரி தன் கையைக் காட்டி, "ஒண்ணை இங்கே பிடிச்சு வெச்சிருக்கேனுங்க, மத்ததெல்லாம் பயந்து ஓடிப்போச்சு" என்கிறாள். அவள் முன்கையில் பெரிதாக ஒரு தேள் பச்சை குத்தியிருக்கிறது. சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அர்த்தனாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் அவரைக் கிறங்கடித்தது படம் இல்லை, அதன் கீழே மூன்று விரல் அகலத்துக்கு இருந்த வெற்று ஓரம். அங்கே பத்திராதிபரின் நீலப் பென்சில்: 'கையில் கிறுக்கலாக இருக்கிறது. வாசகருக்குப் புரியாது. மறைத்துவிட்டுப் பச்சை குத்தியதாகப் போடவும்.' ஆக, அணா முதலில் தீக்காயத்தைத்தான் போட்டிருந்தார். பிறகு அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதில் தேளை வரைந்திருக்கிறார். அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் ஒட்டு விளிம்பு தெரிந்தது. நீல வரிகளுக்கு நடுவே, இருந்த கொஞ்ச இடத்தில், அணா தம் கையால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'நேரில் காணாத பொன்னாயியைக் கடிதத்திலேயே என் முன் நிறுத்திய நண்பர் அர்த்தனாரிக்கு அன்புடன், அணா.'

மற்ற பத்தொன்பதில் எதிலும் அவர் பெயர் கிடையாது. அந்த வாரம் முழுதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தை நடுச்சுவரில் மாட்டினார். பொன்னாயி கூடையோடு வந்த அன்று மட்டும் அதன் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்தார். அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மலர் பட்டணத்தில் விற்றுத் தீர்ந்து, படித்து முடித்து, பழைய காகிதமாகித் துறையூர் கடைக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. புளியஞ்சோலை அடிவாரத்திலிருந்து பொதிமாட்டில் உப்பும் புகையிலையும் ஏற்றி வந்து மிளகு வாங்கிப் போகிறவர் பீர் முகமது ராவுத்தர். அவர் கட்டிக் கொடுத்த புகையிலைப் பொட்டலத்தைச் சென்றாயனின் அண்ணன் மனைவி பாப்பாயி பிரித்தாள். காகிதத்தில் பொன்னாயி சிரித்துக்கொண்டிருந்தாள். அதே புருவம், அதே பல், கையில் தேள்.

வேறு ஊராக இருந்தால் நாலு நாள் கேலி செய்துவிட்டு மறந்திருப்பார்கள். அந்த நாட்டில் பச்சை குத்துவது குலத்துக்கே ஆகாது. குத்தியவள் கோயில் படி மிதிக்கக் கூடாது; அவள் கையால் சமைத்ததைத் தின்னக் கூடாது; மலையிலேயே இருக்கக் கூடாது. பொன்னாயி கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அடிவாரத்துக் கரும்பாலையில் வேலை செய்தவள். அங்கே கொதிக்கிற பாகு கொட்டித்தான் கை வெந்தது. வெந்த கையோடுதான் மலை ஏறினாள், அந்தக் கையோடுதான் சென்றாயனைக் கட்டினாள். அந்த வடுவுக்கு அடியில் முன்பு என்ன இருந்தது என்று மலையில் யாரும் கண்டதில்லை. பாப்பாயிக்கு இது போதாதா? கீழ்நாட்டில் பச்சை குத்திக்கொண்டாள், மலைக்கு வர வேண்டுமே என்று சூடு போட்டு அழித்துக்கொண்டாள், படம் எழுதினவன் அழிக்கிறதுக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறான் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

நாட்டுக் கூட்டம் கூடியது. பீர் முகமது ராவுத்தர் பொதியை அவிழ்க்காமலே வந்து, யாரும் அழைக்காமலே எழுந்து நின்று, "அந்த ஆலைக்கு நானும் சரக்குக்குப் போறவன். பாகு கொட்டுன அன்னைக்கு அங்க இருந்தேன். அந்தப் புள்ள கையில ஒரு புள்ளிகூட இல்லை. அல்லா மேல ஆணை" என்றார். நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் அப்பாசாமி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பேச்சுல குத்தம் சொல்லலீங்க ராவுத்தரே. ஆனா கீழ்நாட்டார் வாய்ச்சொல்லு இங்க செல்லாது. எங்க அப்பன் காலத்துக் கட்டு. மீற முடியாதுங்க" என்றார்.

வாய்ச்சொல் செல்லாது, காகிதம் செல்லும். அதிலும் நகல் செல்லாது, அசல்தான் செல்லும். முப்பது வருஷத்துக்கு முன்னால் கீழேயிருந்து வந்த லேவாதேவிக்காரன் ஒருவன் பொய் நகலைக் காட்டி ஒரு பள்ளத்து நெல்வயல் முழுவதையும் எழுதிக்கொண்டு போனான். அன்றைக்குப் பட்ட சூட்டில் அந்த நாட்டார் ஒரு முடிவு செய்தார்கள். எந்த வழக்கானாலும் அசல் வந்தாக வேண்டும். அசலில் ஓரம் வெட்டியிருந்தால், சுரண்டியிருந்தால், அதைக் கொண்டுவந்தவன் பக்கம் தோற்றது என்று கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. ஆகவே அப்பாசாமி புகையிலைக் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அச்சு. எழுதுனவன் கையால எழுதுன அசல் எங்கயாச்சும் இருக்கும். அடுத்த வெள்ளிக்குள்ள கொண்டாந்தா பாக்கலாம். இல்லாட்டி இதையே வெச்சு முடிவு பண்ண வேண்டியதுதான்."

பட்டணத்தில் இருக்கிற அசலுக்குச் சென்றாயன் எங்கே போவான்? தனக்குத் தெரிந்த, எழுத்து அறிந்த ஒரே ஆளிடம் ஓடி வந்தான். முன்கூட்டிச் சொல்லாமல் வந்ததால் துண்டு போட நேரமில்லை. வாசலில் நின்றபடியே நடுச்சுவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதா இருக்குதுங்களே" என்றான். "சாமி, இது அசல்தானுங்களே?"

அது எப்படி அவரிடம் வந்தது என்று அவன் கேட்கவில்லை. அவர் படம் சேர்ப்பவர், படம் இருக்கிறது, அவ்வளவுதான் அவனுக்கு. கிட்டே போய் ஓரத்தைக் காட்டினான். "இந்த நீல எழுத்து என்னங்க?"

"அது... அச்சுக்காரங்களுக்கு அளவு" என்றார் அர்த்தனாரி.

"வெள்ளிக்கிழமை இதைக் கொண்டாந்து காட்டுவீங்களா சாமி? பாப்பாக்கு மூணு வயசு ஆகல. அவ ஆத்தாளை இறக்கி உட்டுட்டாங்கன்னா புள்ள அப்பன் ஊட்டோடதான் இருக்கோணும்னு கட்டு."

"கொண்டுவரேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அவருக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. நீல எழுத்தைப் படித்தாலே போதும். கையில் பச்சை கிடையாது, பத்திராதிபர் சொல்லித்தான் போட்டது என்று காகிதமே பேசும். இப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

சென்றாயன் போன பிறகுதான் நடு வரியை மறுபடி படித்தார். 'பொன்னாயியைக் கடிதத்திலேயே என் முன் நிறுத்திய நண்பர் அர்த்தனாரிக்கு.' நீல எழுத்தைப் படிக்கச் சொன்னால் இதையும் படிப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் ஓரெழுத்து விடமாட்டார். அப்புறம்? இந்த வீட்டுப் படியை எவனும் மிதிக்கக் கூடாது என்று நாட்டார் சொல்லிவிட்டால் தேன் வராது. தேன் போகாவிட்டால் படம் வராது. ரேஞ்சர் காதுக்குப் போனால் மாற்றல் நிச்சயம். ருக்குமணிக்குத் தெரிந்தால்? வியாழக்கிழமை சாயங்காலம் வரை மனுஷன் அந்தச் சுவருக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

இரண்டு எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. ஒன்றை விட்டு ஒன்றை வெட்ட வழியில்லை. கடைசியில் தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். எழுத்து எதற்கு? தேள் வேறு மசியில், வேறு பேனாவில் இருக்கிறது. ஒட்டு வேறு தெரிகிறது. கண்ணிருக்கிறவன் எவனும் பார்த்தவுடன் சொல்லிவிடுவானே, இது பின்னால் சேர்த்தது என்று! ஏழு வருஷமாக அசலையே பார்த்துப் பழகிய தம் கண்ணை மலையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார் அந்த மகாபுத்திசாலி. ஸ்கேலை வைத்துப் பேனாக்கத்தியால் மூன்று விரல் அகலத்தையும் ஒரே இழுப்பில் வெட்டினார்.

வெட்டிய துண்டை எரித்திருக்கலாம். அடுப்பு வரைக்கும் கொண்டு போனார். அணாவின் கையெழுத்தாயிற்றே, மனம் வரவில்லை. உறையில் போட்டுக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் விட்டுப் போகவும் பயம்.

வெள்ளிக்கிழமை காலை அரியூரில் கோயிலுக்கு முன்னால் கூட்டம். ஐந்து பெரியவர்கள் ஒரு பக்கம். எதிரே பொன்னாயி நின்றாள். கொஞ்சம் தள்ளிச் சென்றாயன் உட்கார்ந்திருந்தான், மடியில் பெண் குழந்தை. அர்த்தனாரி துணியை விலக்கிப் படத்தை வைத்தார். அசல் அச்சைப்போல இரண்டு மடங்கு பெரிசு. தேளின் கொடுக்கில் ஒவ்வொரு கணுவும் தெரிந்தது. கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நல்லா பாருங்க" என்றார் அர்த்தனாரி. "படம் முழுக்க ஒரு மசி. இந்தத் தேள் மட்டும் வேற மசி. படம் போட்டு முடிச்ச பிறகு சேத்தது இது."

அப்பாசாமி குனிந்து நிதானமாகப் பார்த்தார். "அப்படின்னா, அந்த ஆளு மொதல்ல பாத்தப்ப கையில இல்லை. அப்புறம் பாத்தப்ப இருந்துருக்குது. அதானுங்களே?"

"இல்லை, இல்லை. அவர் பார்க்கவே இல்லை!"

"பாக்காமயா புருவத்து வெட்டைப் போட்டாரு? பாக்காமயா பல்லுச் சந்தைப் போட்டாரு?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காணாததை ஒருவன் கையால் எழுதுவான் என்பது அந்த மனிதருக்கு எட்டாத விஷயம். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது: நான் எழுதி அனுப்பினேன். அர்த்தனாரி படத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அப்பாசாமி அட்டையைத் தூக்கி விளிம்பை விரலால் தடவினார். மேல் விளிம்பு, பக்க விளிம்பு இரண்டும் பழுப்பு. கீழ் விளிம்பு மட்டும் புது வெள்ளை. வருஷக்கணக்காகப் பத்திரங்களின் விளிம்பைத் தடவிய விரல் அது.

"ஓரம் வெட்டியிருக்குதுங்களே, குமாஸ்தா ஐயா."

"அன்னைக்கு நான் பாத்தப்ப நீல எழுத்து இருந்துச்சுங்க!" என்று சென்றாயன் கத்தினான். "சாமி, நீலமா இருந்துச்சே, அளவுன்னு சொன்னீங்களே!"

"புருசன் சொல்லு எடுபடாது, நீ இரு" என்று கையமர்த்திவிட்டு அப்பாசாமி மறுபடி கேட்டார். "இதுல என்ன இருந்துச்சுங்க? அந்தத் துண்டு இருந்தா வைங்க. ஓரத்தோட ஓரம் சேத்துப் பாத்துக்கறோம். சேந்துச்சுன்னா குத்தமில்லை."

துண்டு அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. மூச்சு விடும்போது உறை சரசரத்தது அவருக்கே கேட்டது. பொன்னாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. தெரிந்த மனிதர், நல்லது சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை. வெறும் காகிதம். தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அர்த்தனாரி.

அப்பாசாமி அதற்கும் இன்னொரு வழி வைத்தார். அந்த மனிதருக்குப் பொன்னாயியை அனுப்ப ஆசை ஒன்றும் இல்லை. "இங்க கையில ஒட்டு போட்டிருக்குது. பிரிச்சா அடியில இருக்கறது தெரியும். பிரிக்கலாமுங்களா?" என்று நகத்தை ஒட்டு விளிம்பில் வைத்தார்.

அடியில் இருந்தது தீக்காயம். அது தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே வழக்கு முடிந்திருக்கும். அர்த்தனாரிக்கு அது தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் நகம் அட்டையில் பட்டதைக் கண்டதும் புத்திக்கு முன்னால் கை முந்திக்கொண்டது. "ஐயோ, பிரிக்காதீங்க, படம் கெட்டுப்போயிடும்!" என்று அட்டையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கேட்க என்ன இருக்கிறது? ஓரம் வெட்டிய அசல், ஒட்டைப் பிரிக்க விடாத ஆள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாயுமுன் பொன்னாயி மலை இறங்கிவிட வேண்டும். சென்றாயன் விலக்கிவிட்டால் அவனுக்கு நிலமும் ஊரும் உண்டு, இல்லாவிட்டால் அவனும் இறங்கலாம். குழந்தை எப்படியும் அப்பன் வீட்டோடு என்று அப்பாசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். சென்றாயன் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பொன்னாயி அவன் எழுவான் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் குழந்தையின் காலை ஒரு தடவை தொட்டுவிட்டு நடந்தாள். பாப்பாயிகூடச் சத்தம் போடவில்லை.

கூட்டம் அடுத்த வழக்கை எடுத்துக்கொண்டது. யாரோ வரப்பைத் தள்ளிப் போட்ட தகராறு.

புளியஞ்சோலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தலைப்பில் அர்த்தனாரி அவளைப் பிடித்தார். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. ஒரு கையில் துணி சுற்றிய படம். மறு கையால் உள்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். "பொன்னாயி, இந்தா. அந்த ஓரம். என்கிட்டதான் இருக்கு."

அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்குதுங்க?"

படித்துக் காட்டினார். நீலத்தைப் படித்தார். நடு வரியையும் படித்தார். யாருமில்லாத இடத்தில் படிப்பதற்கு அவருக்குத் தைரியம் வந்திருந்தது.

"அப்ப நீங்கதான் எழுதி அனுப்புனீங்களா?"

"ஆமாம்."

அவள் முகம் ஒரு கணம் கறுத்தது. காறித் துப்புவாள் என்று அவர் நினைத்தார். துப்பியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"செரி, அது கெடக்குதுங்க" என்றாள் பொன்னாயி. "வாங்க போலாம்." மேட்டைப் பார்த்துத் திரும்பி நாலு எட்டு வைத்தும்விட்டாள்.

"எங்கே?"

"எங்கயா? கூட்டத்துக்குத்தானுங்க. இன்னும் கலையல. வாத்தியாரும் இருக்காரு. ஓரத்தோட ஓரம் சேத்துட்டா குத்தமில்லைன்னு பட்டக்காரரே சொன்னாரே, கேட்டீங்கதானே?" அவள் குரலில் அத்தனை சுறுசுறுப்பு. "சீக்கிரம் வாங்க சாமி."

அர்த்தனாரி அசையவில்லை. "நீ கொண்டு போய்க் குடேன். படத்தையும் தரேன்" என்றார். தரேன் என்றாரே தவிர, படம் கக்கத்தை விட்டு இறங்கவில்லை.

"நான் கொண்டு போனா இது வெட்டுன துண்டுங்க. தள்ளி வெச்சவ எங்கயோ போயி எழுதி வாங்கியாந்துட்டான்னு பாப்பாயி சொல்லுவா. நீங்க வந்து, நான்தான் வெட்டுனேன்னு சொன்னாத்தான் இது அசலு."

"அதில் என் பேரு இருக்கே, பொன்னாயி."

"உங்க பேருதானுங்களே இருக்குது" என்றாள் அவள். "எம் புள்ளையே அங்க இருக்குதுங்க."

அவள் நின்றாள். அவரும் நின்றார். மேலே கூட்டத்தின் பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நேரம் இருந்தது. அரை நாழிகைக்கு மேல் அப்படியே நின்றாள் அந்தப் பெண், அவர் காலைப் பார்த்துக்கொண்டு. எப்போது அது நகரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கலைந்து வீட்டுக்குப் போகிற சனங்களின் குரல் திசை திசையாகப் பிரிந்து கேட்டதும் துண்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை வெச்சு நான் என்னங்க பண்றது. உங்களுது. வாரேனுங்க" என்றாள். பழக்கதோஷம், போகிறவள் வாரேன் என்றுதான் சொன்னாள். இறங்கிப் போய்விட்டாள். அவள் முதுகு மரங்களுக்குள் மறைகிற வரை கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவில்லை.

செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. அர்த்தனாரி கைகால் கழுவினார். சோறு இறங்கவில்லை. மீந்த சோற்றில் ஒரு பிடி எடுத்து மசித்துப் பசையாக்கினார். அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, துண்டை ஓரத்தோடு ஓரம் வைத்தார். இம்மி பிசகாமல் சேர்ந்தது. பின்பக்கம் மெல்லிய காகிதப் பட்டை கொடுத்து ஒட்டி, மேலே காட்டிலாகா ரிஜிஸ்தர்கள் நாலை அடுக்கினார். காய்ந்ததும் எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். வெட்டு தெரியவில்லை. நீலமும் அணாவின் பொடி எழுத்தும் ஒரு புள்ளி கலையாமல் இருந்தன. அர்த்தனாரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததை நினைத்துத் தம் மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அருவருப்போடேயே ஆணியைத் தேடி, வெயில் படாத சுவராகப் பார்த்து, அதை நேராக மாட்டினார்.